சீல் பிரிக்காத சத்துமாவு

நான் சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று தெரிந்த அன்று மாலையே மூன்று பொட்டலங்கள் வீடு தேடி வந்துவிட்டன. நானாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எதிர்வீட்டில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவுக்கு அது போதும். கோடிவீட்டுக்காரர் நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்தார். சர்ச்சில் என் பக்கத்தில் உட்காரும் அம்மா முறுக்கு கொண்டுவந்தார். கடைசியாக எதிர்வீட்டு வசந்தா அக்கா, பழுப்பு டேப் சுற்றிய பொட்டலத்தோடு.

"எஸ்தரு, எம்பொண்ணு அங்கதான கீறா. பருப்புப் பொடிம்மா. ஒரு கிலோகூட இல்ல, தூக்கினு போறதுக்கு இன்னா கஷ்டம்?"

"பிரிச்சுக் காட்டுங்க அக்கா."

வசந்தா அக்காவின் முகம் சுண்டிப்போனது. "இன்னாம்மா, எங்கள நம்பலயா நீ? இத்தினி வருசமா எதுத்த வூடு!"

ஏர்போர்ட்டில் கெடுபிடி அதிகம் என்று நாசூக்காகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நம்பினதெல்லாம் போதும்" என்று சொல்லி மூன்று பொட்டலங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஃபாரின் போறாளாம், இன்னா பந்தா பண்றா பாரு" என்று தெருவில் பேசியது காதில் விழுந்தது. பேசட்டும். என் தம்பி ராஜு அங்கே ஏசி மெக்கானிக்காக நல்ல சம்பளத்தில் இருக்கிறான் என்றுதான் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். அவன் அங்கே சிறையில் இருந்தான். அவன் கொண்டுபோன சத்துமாவுப் பொட்டலத்துக்குள் ஹெராயின் இருந்தது. அந்தப் பொட்டலத்தை அவன் பையில் வைத்தவள் நான்.

மாலினி என்பது அவளுடைய நிஜப் பெயர்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டு மாடியில் ஏழு மாதம் குடியிருந்தாள். பொத்தேரிப் பக்கம் ஏதோ ஆபீசில் வேலை என்றாள். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிப் படுக்கையில் கிடந்த சமயம் அது. நான் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் ஆதார் நகல் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை.

அம்மா போய் மூன்றாவது மாதம் ராஜுவுக்கு சிங்கப்பூர் வேலை கிடைத்தது. கிளம்புகிற நாள் காலையில் மாலினி இறங்கி வந்தாள். "அக்கா, என் தங்கச்சி அங்க புள்ள பெத்திருக்கா. குழந்தைக்கு சத்துமாவு. அவ வீட்டுக்காரர் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிப்பாரு." நான் வாங்கி ராஜுவின் பையில் வைத்தேன். அவள் மாடிக்குப் போன பிறகு ராஜு அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, ஒரு தடவ பிரிச்சுப் பாத்துடலாமா?"

நான் மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநர். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில் இருபத்தாறு வருடமாக அதே கவுன்ட்டர். சீல் உடைந்த டப்பாவை இதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. எனக்கு அது வேதவாக்கு மாதிரி. "பச்சக் குழந்தைக்குப் போறதுடா. கண்ட கை பட்டா பூச்சி வச்சிடும். வை உள்ள" என்று அதட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே ஜிப்பை இழுத்து மூடினான்.

அடுத்த நாள் மாடி காலியாக இருந்தது. அவள் கொடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அதற்கு அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது.

அதற்குப் பிறகு நான் படித்த பாடம் கொஞ்சமில்லை. மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் செல்போனில் அதே வேலை. சிங்கப்பூரில் சுத்தமான ஹெராயின் பதினைந்து கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. பாலத்தைத் தாண்டினால் மலேசியா. அங்கேயும் முன்பு தூக்குதான், இப்போது ஆயுளா தூக்கா என்று நீதிபதி யோசிக்கலாம். போர்ச்சுகலில் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக வைத்திருந்தால் அது குற்றமே இல்லை, ஒரு குழுவின் முன் உட்காரவைத்துப் பேசி அனுப்புகிறார்கள். சுவிட்சர்லாந்தில் விடமுடியாமல் தவிப்பவர்களுக்கு டாக்டரே சீட்டெழுதி, நர்ஸ் பக்கத்தில் நிற்க, கிளினிக்கில் வைத்தே கொடுக்கிறார்களாம். ஒரே பொடி. ஒரு ஊரில் அது மருந்து, ஒரு ஊரில் நோய், ஒரு ஊரில் கயிறு.

இங்கிலாந்துக் கதைதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கே வலியில் துடிக்கிற புற்றுநோயாளிக்கு ஆஸ்பத்திரியில் டயமார்ஃபின் ஊசி போடுகிறார்கள். டயமார்ஃபின் என்றால் ஹெராயின்தான். அம்மாவின் கடைசி மாதங்களில் அதற்குத் தம்பி முறையான மார்ஃபின் மாத்திரைக்காக, கையில் டாக்டர் சீட்டோடு, இதே ராஜு தாம்பரம் குரோம்பேட்டை என்று பைக்கில் அலைந்தான். அதை வைத்துக்கொள்ள எங்கள் கடைக்கு லைசென்ஸ் கிடையாது. கிடைத்தது பாதி நாள், கிடைக்காதது பாதி நாள். கிடைக்காத நாட்களில் அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எந்தக் கசகசாச் செடியின் பாலுக்காக அவன் ஊரெல்லாம் கெஞ்சினானோ, அந்தச் செடியே அவனைத் தேடிவந்து பையில் உட்கார்ந்துகொண்டது.

நம் ஊர்ச் சட்டத்தையும் படித்தேன். பொட்டலத்துக்குள் இருந்த பொடி அறுபது கிராம் சொச்சம். அதில் சுத்தமான சரக்கு பத்தொன்பது கிராம் என்று அங்கே பிரித்து எடை போட்டிருந்தார்கள். நம் ஊரில் அந்த அறுபது கிராமுக்குப் பத்து வருடம் வரைக்கும் ஜெயில். அவ்வளவுதான். மீனம்பாக்கத்தில் பிடிபட்டிருந்தால் புழலுக்கு மாதாமாதம் போய்ப் பார்த்திருப்பேன். கூடப்பிறந்தவன் நம் ஊர் போலீசில் மாட்டியிருக்கக் கூடாதா என்று எந்த அக்காவாவது ஜெபம் பண்ணுவாளா? நான் பண்ணினேன்.

விமானம் இறங்குமுன் அறிவிப்பு வந்தது. போதைப்பொருள் கொண்டுவருவோருக்கு இங்கே மரண தண்டனை என்று விமானப் பணிப்பெண், சீட் பெல்ட் போடச் சொன்ன அதே இதமான குரலில் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டார். ராஜுவும் இதைக் கேட்டிருப்பான். கேட்டுவிட்டு, நமக்கென்ன என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பான்.

தங்கியது லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன அறை. கீழே இறங்கினால் மல்லிகைப்பூ, சாம்பார் வாசனை, மளிகைக் கடையில் இட்லி அரிசி. பெயர்ப்பலகையெல்லாம் தமிழ். நடைபாதையில் நடக்க முடிகிறது, அதுதான் நம் ஊர் இல்லை என்று காட்டிக்கொடுத்தது. தாம்பரத்தில் நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் பழக்கடை இருக்கும், பைக் இருக்கும், மனிதன் மட்டும் ரோட்டில் நடப்பான். மளிகைக் கடை அலமாரியில் சத்துமாவு பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கடையிலேயே கிடைக்கிறது! கடல் தாண்டி எதற்கடி சத்துமாவு என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாமல் போயிற்றே. அங்கேயே நின்று அழுதேன். கடைக்காரர் பதறிப்போய் ஸ்டூல் எடுத்துப்போட்டு, "தண்ணி குடிங்கம்மா, ஊர் ஞாபகமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் வக்கீலைப் பார்த்தேன். தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்கு என்பதால் அரசாங்கமே ஏற்பாடு செய்த வக்கீல். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாற்பது வயதிருக்கும். காப்பி கொடுத்துவிட்டு முதலில் மாலினியைப் பற்றிக் கேட்டார். "பொருள் கொடுத்தவங்களப் பிடிக்க உருப்படியா உதவினா, தூக்குக்குப் பதிலா ஆயுள் கிடைக்க ஒரு வழி இருக்கு. அவங்க போட்டோ இருக்கா? அடையாள அட்டை நகல்?"

"இல்லீங்க."

"வாடகை ஒப்பந்தத்துல விலாசம்?"

"எழுதிக் கொடுத்தா. அந்த விலாசத்துல அப்படி ஆளே இல்லயாம்."

அவர் குறித்துக்கொண்டார். நான் அதற்காக வரவில்லை. வேறொன்று சொல்ல வந்திருந்தேன். அதை விமானத்தில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

"மேடம், ராஜு போலீஸ்ல என்ன சொல்லியிருக்கான்?"

"அந்தப் பொண்ணு அவர் கையிலதான் கொடுத்துச்சாம். அப்ப நீங்க வீட்டுலயே இல்லன்னு சொல்லியிருக்காரு. அவருக்கு எந்தச் சந்தேகமும் வரலையாம்."

"அது பொய்ங்க. நான்தான் வாங்கினேன். நான்தான் பையில வச்சேன். அவன் பிரிச்சுப் பாக்கலாமான்னு கேட்டான், நான்தான் வேண்டாம்னு அதட்டினேன். என்னக் காப்பாத்தறதுக்காக மறைக்கிறான். இதக் கோர்ட்டுல சொல்லத்தான் நான் வந்திருக்கேன்."

சொல்லி முடித்ததும் மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போலிருந்தது. வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், இந்த ஊர்ச் சட்டப்படி, பொருள் உங்ககிட்ட இருந்தா அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்னுதான் எடுத்துக்குவாங்க. தெரியாதுன்னு நாமதான் நிரூபிக்கணும். பிரிச்சுப் பாக்கலாமான்னு அவர் கேட்டார்னா என்ன அர்த்தம்? சந்தேகம் வந்திருக்கு. சந்தேகம் வந்தும் ஏன் பாக்கலன்னு கேப்பாங்க. வேணும்னே கண்ண மூடிக்கிட்டாருன்னு சொல்வாங்க."

"நான் வேண்டாம்னு சொன்னதாலதானங்க பாக்கல!"

"அவருக்கு வயசு முப்பத்தொம்பது மேடம்."

அவனுக்கு முப்பத்தொன்பது வயது, நான் சொன்னால் இன்னும் கேட்பான் என்று அந்த ஊர்க் கோர்ட்டுக்கு எப்படிப் புரியவைப்பது? அப்பா போனபோது அவனுக்கு எட்டு வயது. எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்காமல் போனதே அவனைப் படிக்கவைக்கத்தான். நான் குடி என்றால் மருந்தைக் குடிப்பான், போ என்றால் போவான்.

"இன்னொண்ணு," என்றார் அவர். "நீங்க உண்மையச் சொன்னா அவர் கொடுத்த வாக்குமூலம் பொய்யாயிடும். ஒண்ணு பொய்னு ஆச்சுன்னா மத்த எதையும் நம்ப மாட்டாங்க. அதனால உங்களச் சாட்சியாக் கூப்பிடப் போறதில்ல. கூப்பிட்டா நீங்க பொய் சொல்லக் கூடாது, நானும் சொல்ல விடமாட்டேன். நாளைக்கு அவரப் பாக்கும்போதும் இதப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பாரு, போன்லதான் பேசணும். யாராவது கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னே நெனச்சுக்குங்க."

அவனைக் காப்பாற்ற நான் கொண்டுவந்த உண்மை அவன் கழுத்துக்கே சுருக்காகிவிட்டது. படி இறங்கி வந்தேன். எனக்குப் பசித்தது. அதுதான் அசிங்கம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக் கூடத்தில் நூறு தட்டுகள், நூறு வாசனைகள். பரோட்டாவும் மீன் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டேன். நம் ஊர்ப் பரோட்டாவைவிட மெல்லிசு, குழம்பில் இனிப்பு கொஞ்சம் தூக்கல். பக்கத்து மேசையில் ஆபீஸ் போகும் இரண்டு பெண்கள் ஒரு குளிர்பான டப்பாவின் லேபிளை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். "இதில் பதினைந்து கிராம் சர்க்கரையாம். ஐயோ, எனக்கு வேண்டாம்" என்றாள் ஒருத்தி. பதினைந்து கிராம் என்பது மூன்று டீஸ்பூன். கடையில் எத்தனையோ பேருக்கு அந்த அளவை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் சிறைக்குப் போகிற பஸ்ஸில் தப்பான திசையில் ஏறித் தொலைத்தேன். நம் ஊராயிருந்தால் ஏறும்போதே பத்துப் பேர் "எங்கக்கா போவணும்? எதுத்த சைடு போ" என்று இறக்கிவிட்டிருப்பார்கள். இங்கே எல்லாரும் அவரவர் செல்போனுக்குள் இருந்தார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நேரத்தைப் பார்த்து, டாக்ஸிக்குக் கையைக் காட்டினேன். சீனக் கிழவர் ஒருவர் ஓட்டினார். போகுமிடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"யார் உள்ளே?" என்றார் ஆங்கிலத்தில்.

"தம்பி."

"பொடியா?"

தலையசைத்தேன். அவர் கண்களைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார். பிறகு, "என் அண்ணன் மகன் அந்தப் பொடியால்தான் செத்தான். கழிப்பறையில் கிடந்தான். நான்தான் கதவை உடைத்தேன். எங்கள் சட்டம் சரியான சட்டம், அம்மா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே" என்றார்.

அவர்மேல் கோபப்பட முயற்சி செய்தேன், முடியவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கமிருந்து என் கவுன்ட்டருக்கு வந்து, மூக்கு ஒழுக, ஒரே ஒரு சிரிஞ்ச் கொடு அக்கா என்று கெஞ்சுகிறவர்களை நான் எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்! அப்போதெல்லாம், இதை விற்கிறவனைத் தூக்கில் போடவேண்டும் என்று நானும்தான் சொல்வேன். சத்தமாகவே சொல்வேன். சிறை வாசலில் நிறுத்தியதும் கிழவர் இறங்கிவந்து எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். "சீக்கிரம் போ, நேரமாகிவிடும்" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராஜு இளைத்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். போனை எடுத்தான்.

"சாப்டியாடா?"

"சாப்டேன்க்கா. நீ?"

"பரோட்டா."

"இங்க நல்லா இருக்கும்னு சொல்வாங்க." சிரித்தான். அவன் அந்த ஊரில் சிறையைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

"ராஜு, அன்னைக்கு நான்..." வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. அவன் சட்டென்று உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தான். கடையில் கூட்டத்தைப் பார்த்து, 'இருங்க, ஒவ்வொருத்தரா' என்று நான் கை காட்டுவேனே, அந்த மாதிரி.

"அக்கா, தண்ணி மோட்டார் என்னாச்சு? போன லெட்டர்ல ஓடலன்னு எழுதியிருந்த."

"உர்ருனு சத்தம் மட்டும் வருதுடா. சுத்த மாட்டேங்குது."

"கெப்பாசிட்டர் போயிருக்கும். மோட்டார மாத்தணும்னு எவனாவது சொன்னா நம்பாத. கெப்பாசிட்டர் மட்டும் மாத்து. பழசுல எழுதியிருக்கற அதே நம்பர் பாத்து வாங்கு."

எங்களுக்குக் கொடுத்த நேரம் முழுவதும் கெப்பாசிட்டர் பற்றிப் பேசினோம். எந்த ஒயர் எங்கே, மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும், கையில் ஈரம் கூடாது. மன்னித்துவிடு என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்ல முடியவில்லை. சொன்னால் எதற்கு மன்னிப்பு என்று யாராவது கேட்பார்கள்.

நான்காம் நாள் ஊர் திரும்பினேன். மீனம்பாக்கத்தில் இறங்கி, ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில், ஹாரன் சத்தத்தில், ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். தெரு முனையில் வசந்தா அக்கா, "இன்னா எஸ்தரு, தம்பி எப்படி கீறான்?" என்றாள். நல்லா இருக்கான் என்றேன். கெப்பாசிட்டர் மாற்றியதும் மோட்டார் ஓடியது.

விசாரணை நடந்தது. நான் கூண்டில் ஏறவில்லை. தீர்ப்பை வக்கீல் போனில் படித்துத் தமிழில் சொன்னார். வளர்ந்த ஒரு மனிதர், பழக்கம் கொஞ்சமே உள்ள ஒருவரிடம் பொட்டலம் வாங்கும்போது, உள்ளே என்ன என்று ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை என்பது நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்ததாம். கேட்டிருந்தாலும் தூக்கு, கேட்காவிட்டாலும் தூக்கு. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. கருணை மனுவும் போயிற்று. பிறகு தேதி குறித்த கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு தெருவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. நானே சொன்னேன். வசந்தா அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கே நான் பிரிச்சுக் காட்டியிருக்கலாம்மா. தெரியாம பேஜார் பண்ட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டாம் தடவை போனபோது அவனுக்கு ஒரு நீலச் சட்டை கொண்டுபோனேன். கடைசி வாரத்தில் சொந்த உடை போட்டு போட்டோ எடுத்துக் குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். சட்டையை அங்கே உதறி, தையல் தையலாகத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதுதான் சரி. அப்படித்தான் பார்க்கவேண்டும்.

கடைசி நாள் வியாழக்கிழமை. அதே கண்ணாடி, அதே போன். நான் வழக்கம்போல மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று ஆரம்பித்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"போதும்க்கா. இனிமே பயப்பட என்ன இருக்கு? நாளைக்கு அப்புறம் நீ யார்கிட்ட வேணா சொல்லலாம்."

"என்னத்தடா சொல்றது?"

"நான் கேட்டேன்னு சொல்லுக்கா. கோர்ட்டுல நான் கேக்கவே இல்லன்னு சொல்லிட்டேன். ஏதோ முட்டாப்பய வாங்கிட்டு வந்துட்டான்னு நெனச்சிருப்பாங்க. பிரிச்சுப் பாக்கலாமான்னு நான் கேட்டேன்ல?"

"கேட்டடா."

"அத மட்டும் சொல்லிடு."

வெள்ளிக்கிழமை விடிந்தது. அந்தப் பொழுதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

இதைப் படிக்கிற யாராயிருந்தாலும் சரி, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். என் தம்பி ராஜு முட்டாள் இல்லை. அவன் கேட்டான். வேண்டாம் என்று சொன்னது நான்.